யார் முறையிலும் சேராத ஒன்றரைச் சாண்

பழவேற்காடு
9.8.2025

அண்ணா,

மீன் விற்க வரும் ஜெயம்மா அக்காவிடம் நீ சொல்லி அனுப்பியது வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் தாமதம்தான். பூவிழிக்கு ஜுரம் விட்டு விட்டு வந்தது. கோபம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன் என்று நினைக்காதே. அது அடங்கவில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் இப்படிக் காகிதத்தில் திட்ட வேண்டியிருக்கிறது. போனில் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தையாவது கடைசிவரை படி.

"ஊர்க்கூடத்து வாசல்ல வந்து தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், ஏரில வல போடற பாடு சீட்டுல அவ ஊட்டுக்காரன் பேரைத் திருப்பிச் சேத்துக்கறோம்." தலைவர் தெய்வசிகாமணி இப்படிச் சொன்னாராம். நீயும் பக்கத்தில் நின்று தலையாட்டினாயாம். எந்தத் தப்பை நான் சொல்ல வேண்டும்?

அன்றைக்கு நிலம் ஆடியபோது நான் ஊர்க்கூடத்தில் நடக்கிற பால்வாடியில் நின்றிருந்தேன். பூவிழியை அழைக்கப் போனவள். சாம்பார் வாளி தானாக நகர்ந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், யாரோ விளையாட்டு காட்டுகிறார்கள் என்று. நான் மட்டும் பூவிழியை வாரி எடுத்துக்கொண்டேன். ஆட்டம் கொஞ்ச நேரம்தான், நின்றுவிட்டது. வெளியே வந்து பார்த்தால், கூடத்தின் ஏரி பக்கத்து மூலைப் பில்லரில், பீம் வந்து உட்காரும் இடத்தில், சாய்வாக ஒரு விரிசல். என் நகம் உள்ளே போனது. தலைவரிடம் காட்டினேன். "பூச்சு வெடிச்சிக்கீது, சுண்ணாம்பு அடிச்சா போய்டும்" என்றார்.

அதனால்தான் மறுநாள் என் வீட்டுப் பூட்டைக் கொண்டுபோய் பால்வாடிக் கதவில் போட்டேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஊர்ச்சொத்தில் ஒரு பொம்பளை பூட்டு போட்டாள் என்றுதானே இத்தனை ஆத்திரம்? அதற்காக என் வீட்டுக்காரர் வடிவேலுவின் பேரைச் சீட்டிலிருந்து எடுத்தீர்கள். அவர் பூட்டவில்லையே.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். நிலம் ஆடினால் கடல் வரும் என்று சுனாமி வந்ததில் இருந்து நம் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்போது எல்லாரும் எங்கே ஓடுவோம்? அந்தக் கூடத்து மாடிக்குத்தான். ஆடி ஆடி இளகின பில்லர் மேல் ஊரே ஏறி நிற்கப்போகிறது. அதைக் கட்டியதே அதற்குத்தான். எனக்கு இது தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

ஊரை விட்டு வந்ததிலிருந்து இங்கே கைருன் பீவி வீட்டுப் பின்கட்டில்தான் வாடகைக்கு இருக்கிறோம். நல்ல மாதிரி. வாடகையைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

கோமளா


வெள்ளோடைக் குப்பம்
14.8.2025

கோமளா,

படித்தேன். கடைசிவரை படித்தேன். உன் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். "காலேஜு படிச்சதுக்கு நல்லா திட்டக் கத்துக்கினுகீது" என்றாள்.

அந்தக் கூடத்தை யார் கட்டினது என்று நீ மறந்துவிட்டாய். வார்தா புயலில் கூரை போனபிறகு எந்த அதிகாரியும் வரவில்லை. ஒரு டிரஸ்ட்டுக்காரன் கம்பியும் சிமெண்ட்டும் கொடுத்தான், பிளான் கொடுத்தான், இரண்டு தடவை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனான். மீதி எல்லாம் நம் கை. அஸ்திவாரத்தில் முதல் சட்டி கலவையைக் கொட்டினது நம் நைனா. அதன் பிறகு மூன்று மாசம்தான் இருந்தார். அதை நீ இளகின பில்லர் என்று எழுதுகிறாய்.

ஒரு சண்டை இல்லாமல் கட்டினோம். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் சுத்துவலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிக்கிறோமே, அதே பாடு கணக்கில்தான் வேலையையும் பிரித்தோம். சீட்டில் பில்லர் வடக்குத்தெருவுக்கு விழுந்தது. பீமும் தளமும் தெற்குத்தெருவுக்கு. நாங்கள் பீம் அடிமட்டம்வரை பில்லரை ஊற்றி நிமிர்த்தி நிறுத்தினோம். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் பிசகாது. அதற்குமேல் அவர்கள் முறை. அவர்கள் வேலையில் நாங்கள் கை வைக்கவில்லை, எங்கள் வேலையில் அவர்கள் கை வைக்கவில்லை. வேறு எந்த ஊரில் இப்படி நடக்கும்?

நீ பூட்டுப் போட்டது ஆடிக்கூழ் ஊற்றுகிற வாரத்தில். அண்டா எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டது. பக்கத்து ஊரில் போய் அண்டா கேட்டோம். அந்த அவமானம் உனக்குத் தெரியாது.

உன் விரிசலையும் சும்மா விடவில்லை. படகுக்கு ஒட்டுகிற பைபர் மேட்டை எடுத்து, ரெசின் தடவி, அந்த மூலையைச் சுற்றி இரண்டு சுற்று ஒட்டி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டோம். முகத்துவாரத்தில் மணல்திட்டில் மோதின படகே அந்த ஒட்டில் வருஷக்கணக்கில் ஓடுகிறது. பில்லர் எங்கே ஓடப்போகிறது? நின்ற இடத்தில் நிற்கப்போகிறது.

வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. உன் புருஷனுக்காக வா.

ராஜேந்திரன்


பழவேற்காடு
20.8.2025

அண்ணா,

உன் கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறாயே ஒரு வரி, அதைப் படித்த இடத்திலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். "பீம் அடிமட்டம்வரை நாங்கள். அதற்குமேல் அவர்கள்."

அப்படியானால் பீமும் பில்லரும் சந்திக்கிற இடம் யாருடையது?

சொல். பில்லர் உச்சிக்கும் தளத்துக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் உயரம். அங்கேதான் கீழிருந்து வரும் பில்லர் கம்பியும் பக்கத்திலிருந்து வரும் பீம் கம்பியும் குறுக்கே போகின்றன. பில்லர் கம்பியைச் சுற்றி வளையம் வளையமாக ரிங் கட்டுவீர்களே, அது அந்த ஒன்றரைச் சாணுக்குள்ளும் இருக்க வேண்டும். சொல்லப்போனால் அங்கேதான் நெருக்கமாக இருக்க வேண்டும். வீடு சும்மா நிற்கும்போது அந்த இடத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. நிலம் பக்கவாட்டில் இழுக்கும்போது பில்லர் ஒரு பக்கம் சாயும், பீம் வர மாட்டேன் என்று நிற்கும், அந்த மொத்தச் சண்டையும் அந்தச் சந்தியில்தான் நடக்கும். ரிங் இல்லையென்றால் கம்பி வெளியே பிதுங்கும், கான்கிரீட் நொறுங்கும், தளம் அப்படியே உட்காரும். கீழே யார் இருப்பார்கள் என்று நான் எழுதமாட்டேன்.

நீங்கள் உங்கள் பில்லரில் ரிங் கட்டியிருப்பீர்கள். அவர்கள் பீமில் கட்டியிருப்பார்கள். நடுவில்? பக்கத்து ஆள் முறையில் கை வைத்தால் மரியாதை இல்லை என்று இரண்டு தெருவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா? ஏரியில் எல்லைக் கழியைத் தாண்டி மீன் துள்ளினால்கூட எடுக்க மாட்டீர்கள்.

அந்த பைபர் ஒட்டு. அண்ணா, நான் சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன். பில்லரை பைபர் துணி சுற்றிப் பலப்படுத்துகிற முறை நிஜமாகவே இருக்கிறது. என் காலேஜில் கட்டடப் பாடம் எடுத்த பிராங்க்ளின் சாரிடம் போட்டோ காட்டிக் கேட்டேன். அதற்குப் பூச்சை முழுக்க உரித்து, உள் கான்கிரீட் வரைக்கும் தேய்த்து, மூலையை உருட்டி, வேறு ரெசினில் ஒட்ட வேண்டும். நீங்கள் ஒட்டியது பூச்சின்மேல். பூச்சு கழன்றால் ஒட்டும் சேர்ந்து கழன்றுவிடும். நீங்கள் செய்த ஒரே வேலை, விரிசலை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்தது. இனி அது பெரிதானாலும் தெரியாது. படகில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே வந்து சொல்லிவிடும். பில்லர் எதையும் சொல்லாது.

இங்கே ஜன்னல் திட்டில் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறேன். பஸ் போனால் ஆடுகிறது. ஒவ்வொரு தடவையும் நான் பூவிழியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறேன். கைருன் பீவி இரண்டு நாள் பார்த்துவிட்டு, "டம்ளரைக் குடிச்சிட்டு வேலையைப் பாரும்மா" என்றார்.

ஒரு பந்தயம் வைக்கிறேன். உங்கள் வடக்குத்தெரு நிறுத்திய ஏதாவது ஒரு பில்லரில், அந்த ஒன்றரைச் சாணில், உளி வைத்துக் கொத்திப் பார். ரிங் இருந்தால் நான் படகேறி வந்து கூடத்து வாசலில் தலைவர் காலில் விழுகிறேன். ஊர் முழுக்க வேடிக்கை பார்க்கட்டும்.

கோமளா


வெள்ளோடைக் குப்பம்
29.8.2025

கோமளா,

உன் பந்தயத்தைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். தெற்குத்தெருக்காரர்கள், எங்கள் வேலையைச் சந்தேகப்படுகிறாயா என்று என்னிடம் வந்தார்கள். வடக்குத்தெருவில் என்னைப் பார்த்து, தங்கச்சிக்கு வக்கீலா என்றார்கள். உன்னால் நான் இரண்டு தெருவுக்கும் ஆகாதவன்.

பால்வாடிப் பூட்டை உடைத்தாயிற்று. பிள்ளைகள் போகிறார்கள். மழைக்கு முன்னால் கல்யாணம் ஒன்று இருக்கிறது, கூடத்தில்தான்.

வடிவேலு உன்னிடம் சொன்னாரா தெரியவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கூலிக்குப் போகிறார். துறைமுகம் வேண்டாம் என்று எந்த வாசலில் நாம் படகு படகாகப் போய் நின்று கத்தினோமோ அதே வாசலில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார். நேற்று படகுத்துறையில் பார்த்தேன். என்னைப் பார்த்துவிட்டு அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உன்மேல் வந்த ஆத்திரம் இதுவரை வந்ததில்லை.

கட்டினதைக் கொத்திப் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை.

ராஜேந்திரன்


பழவேற்காடு
2.9.2025

அண்ணா,

அவர் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அட்டையை மாட்டிவிட்டது நான் இல்லை, சீட்டிலிருந்து பேரை எடுத்த நீங்கள். இனி அந்தப் பழியை என் தலையில் வைத்து ஒரு வரி எழுதினால் உன் கடிதத்தைப் பிரிக்காமலே ஜெயம்மா அக்காவின் மீன் கூடையில் திருப்பி அனுப்புவேன்.

பூட்டை உடைக்கத் தெரிகிறது. தெருவே சேர்ந்து உடைத்தீர்களாம். ஒரு சாண் பூச்சை உடைக்க மட்டும் வழக்கம் இல்லை.

உன் பையன் ஆல்வின் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று போய்ப் பார்த்தாயா? நான் பார்த்திருக்கிறேன். மூலைப் பில்லரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் உட்காருவான். அங்கேதான் காற்று வரும் என்பான். என் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் பிள்ளை அங்கேயே இருக்கிறான். யாருக்காக நான் கத்துகிறேன் என்று நினைக்கிறாய்?

இதற்குமேல் என்னிடம் சொல்ல எதுவும் இல்லை. எழுதாதே.

கோமளா


வெள்ளோடைக் குப்பம்
11.9.2025

கோமளா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

நீ சொன்னதற்காகப் போகவில்லை. ஆல்வினுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க மறந்துவிட்டாள் உன் அண்ணி. கொண்டுபோனேன். நீ எழுதினபடியே உட்கார்ந்திருந்தான். முதுகு பில்லரில், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. அவன் தலைக்கு மேலே எங்கள் பச்சை பெயிண்ட்.

பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொன்னேன். வீட்டுக்குப் போய் உளியும் சுத்தியும் கொண்டுவந்தேன். பட்டப்பகல். யாரையும் கேட்கவில்லை. பைபர் ஒட்டு ஒரே இழுப்பில் பூச்சோடு கையில் வந்துவிட்டது, கருவாட்டுத் தோல் மாதிரி. அதற்குப் பிறகு கொத்தினேன். சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார், இரண்டு தெருவும் வந்தது. "இன்னாடா பண்றே, உங்கப்பன் ஊத்தன கட்டடம்டா" என்றார் தலைவர். "அதனாலதான் பாக்கறேன்" என்றேன். கையைப் பிடித்தார்கள். உதறினேன்.

ரிங் இல்லை.

பில்லர் கம்பி மொட்டையாக நாலு மூலையிலும் மேலே போகிறது. சுற்றி ஒன்றும் இல்லை. அது மட்டும் இல்லை. உள்ளேயிருந்து நீலமாக ஏதோ எட்டிப்பார்த்தது. இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. பழைய நைலான் வலை. எங்கள் பில்லர் உச்சிக்கும் தெற்குத்தெருவின் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் இடைவெளி இருந்திருக்கிறது. சிமெண்ட் பால் ஒழுகாமல் இருக்க வலையைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள். அப்புறம் எடுக்கவில்லை. அடுத்த பில்லரையும் கொத்தினேன். அங்கேயும் வலை.

அப்புறம் எல்லாரும் பேசினார்கள். "ரிங்கு கட்றது பில்லர் வேல, அது உங்குளுது" என்றது தெற்குத்தெரு. "பீம் மட்டத்துல வர்றது பீம் வேல, உங்குளுது" என்றது வடக்குத்தெரு. அடிதடிக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் சொன்னது சரிதான். யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. கம்பிகூட மிச்சமாகிக் கோயில் கொட்டகைக்குக் கொடுத்தோம். ஏன் மிச்சமானது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

வலையை இழுத்த கையோடு நான் தெற்குத்தெருக்காரன் ஒருத்தனை ஓர் அறை விட்டுவிட்டேன். தப்புதான். அவனும் விட்டான். அதுவும் சரிதான்.

கூடத்தை மூடிவிட்டோம். பால்வாடி இப்போதைக்குச் சர்ச்சு வராந்தாவில் நடக்கிறது. கல்யாணத்தை ஆரம்பாக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள், மாப்பிள்ளை வீட்டார் இன்னும் முணுமுணுக்கிறார்கள்.

நீ காலில் விழ வேண்டாம். வடிவேலுவுக்கு என் முறையில் பாதி நாளைக் கொடுக்கிறேன். துறைமுகத்துக்குப் போகவேண்டாம் என்று சொல். நீ வந்துவிடு.

அண்ணன்
ராஜேந்திரன்


பழவேற்காடு
15.9.2025

அண்ணா,

ஆல்வின் சட்டை சுண்ணாம்பு வரையில் படித்துவிட்டு அழுதேன். அதற்குப் பிறகு படித்ததில் மறுபடியும் கோபம் வந்துவிட்டது.

உன் முறையில் பாதி எங்களுக்கு வேண்டாம். வடிவேலுவின் பேரை எடுத்தது ஊர். ஊர்தான் திருப்பிப் போட வேண்டும், கூட்டத்தில், எடுத்த அதே வாயால். நீ பாவம் பார்த்துக் கொடுத்தால் ஊர் செய்தது சரி என்று ஆகிவிடும்.

இரண்டாவது. பிராங்க்ளின் சார் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் வரும்வரை யாரும் இன்னொரு பில்லரில் உளி வைக்காதீர்கள். வீரம் போதும். முதலில் எல்லா பீமுக்கும் அடியில் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சந்தியாக, ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. வலையை எடுத்து, நொறுங்கினதைச் சுத்தம் செய்து, பீமில் துளை போட்டு ரிங்கைக் கோத்துக் கட்டி, பில்லரைக் கீழேயும் மேலேயும் சேர்த்துச் சுற்றிப் புதுக் கம்பி, புதுக் கான்கிரீட்டால் ஒரு சட்டை போட வேண்டும். ஏரியின் உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் நான் அங்கேயே உங்களை ஏரியில் தள்ளுவேன். துணி சுற்றுவது வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்லுவார். அதற்கு மட்டும் நம் படகுக்காரர்கள் கை உதவும் என்றார். உதவட்டும். ரெசின் அவர் சொல்வது.

மூன்றாவது. இதை மறுபடியும் வடக்கு, தெற்கு என்று பிரித்தால் மறுபடியும் ஓர் இடம் விட்டுப்போகும். சந்திகளுக்கென்று தனிச் சீட்டுப் போடுங்கள். ஒரு சந்திக்கு ஒரு பேர். கொத்துவதில் இருந்து மூடுவதுவரை அந்தப் பேர்தான் பதில் சொல்ல வேண்டும். யார் வேலை செய்தாலும் சரி, அந்தப் பேர் சரி என்று சொல்லாமல் கான்கிரீட் ஊற்றக்கூடாது.

அந்தச் சீட்டில் ஒன்று என் பேர். வடிவேலு மனைவி என்று இல்லை, ராஜேந்திரன் தங்கச்சி என்று இல்லை. கோமளா. பொம்பளைப் பேர் சீட்டில் விழுந்ததே இல்லை என்று தலைவர் சொல்லுவார். அந்தப் பில்லருக்குள் வலை விழுந்ததும் இதுவரை இல்லாததுதான் என்று நீ சொல்.

முடியாது என்றால் பூவிழி இந்த ஊர் பால்வாடியிலேயே படிக்கட்டும். நான் வரமாட்டேன்.

கோமளா


வெள்ளோடைக் குப்பம்
24.9.2025

கோமளா,

கூட்டம் இரண்டு நாள் நடந்தது. நீ எழுதினதை அப்படியே படித்தேன். ஏரியில் தள்ளுவேன் என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். ஜெயம்மா பின்னாலிருந்து, "அதயும் படிடா" என்றாள். எனக்கு முன்னால் அவள் படித்திருக்கிறாள் போல.

தலைவர் நீ சொன்னதையேதான் சொன்னார், பொம்பளைப் பேர் வழக்கமில்லை என்று. நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பால்வாடிக்குப் பிள்ளை அனுப்புகிற பொம்பளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். "பூட்டுப் போட்டப்ப அவ பேரு ஊருக்கே தெரிஞ்சிச்சே, சீட்டுல எழுத மட்டும் தெரியாதா?" என்று கேட்டது உன் அண்ணி. எனக்கே தெரியாது அவள் பேசுவாள் என்று. தெற்குத்தெருவில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் இன்னும் வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

வடிவேலு பேரைத் திருப்பிப் போட்டாயிற்று. ஆனால் இந்தச் சுற்றுக்குச் சீட்டு முடிந்துவிட்டது, அடுத்த சுற்றில்தான் முறை வரும். அதுவரை அவர் துறைமுகத்துக்குத்தான் போயாக வேண்டும். தலைவர் தப்பு என்று சொல்லவில்லை. "சேத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு. உனக்கு அது போதாது. எனக்குத் தெரியும். இவ்வளவுதான் வந்தது.

சந்திகளுக்குச் சீட்டுப் போட்டோம். சீட்டு எடுத்தது ஆல்வின். உன் பேர் மூலைப் பில்லருக்கு விழவில்லை. நடுவில் உள்ளதுக்கு விழுந்தது. மூலைப் பில்லர் எனக்கு விழுந்தது. அதை மூடும்போது நீ பக்கத்தில் இருந்தால் நல்லது.

இந்தக் கடிதத்தோடு ஜெயம்மா கையில் ஒரு சாவி கொடுத்தனுப்புகிறேன். உன் பூட்டை நாங்கள் உடைத்ததால் புதிதாக ஒன்று வாங்கிக் கூடத்துக் கதவில் போட்டிருக்கிறோம். வேறு சாவி யாரிடமும் இல்லை, தலைவரிடமும் இல்லை. கம்பி, முட்டு, சிமெண்ட் எல்லாம் உள்ளே இறக்கி வைத்துப் பூட்டியாயிற்று. சாவி இல்லாமல் எங்களால் வேலையை ஆரம்பிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை காலையில் படகு பழவேற்காட்டுத் துறையில் நிற்கும். உன் சாரையும் அழைத்துக்கொண்டு வா. பிளாக் செய்த உன் நம்பரைத் திறந்துவிட்டேன், ஆனால் போன் பண்ணாதே. திட்டுவது என்றால் வந்து கதவைத் திறந்துவிட்டு உள்ளே நின்று திட்டு. எல்லாருக்கும் கேட்கட்டும்.

ராஜேந்திரன்